இரண்டு பிரிண்ட் எடுத்துக்கொண்டு வாருங்கள்

தென்காசிப் பக்கத்துத் தம்பி ஒருவர் போன வாரம் போன் செய்தார். "அண்ணாச்சி, எங்க ஊர்ல போட்டோகிராபி கிளப் ஆரம்பிக்கோம். வாட்ஸ்அப் குரூப் போட்டாச்சு, லோகோ ரெடி, டீ சர்ட்டுக்கும் சொல்லியாச்சு. முதல் போட்டோ வாக் குத்தாலமா பாபநாசமான்னு மட்டும் நீங்க சொல்லுங்க" என்றார். எங்கே போவது என்பது இருக்கட்டும், போய்விட்டு வந்து எங்கே உட்காரப் போகிறீர்கள் என்று கேட்டேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. போனில் அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுதாக எழுதிவிடுகிறேன். இதே எண்ணத்தில் இருக்கும் மற்ற ஊர்க்காரர்களுக்கும் ஆகும்.

பாளையங்கோட்டையில் எங்கள் கிளப்பும் 2016இல் அப்படித்தான் தொடங்கியது. முதல் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் குறுக்குத்துறை முருகன் கோயில் படித்துறையில் 32 பேர் நின்றோம். அடுத்த மாதம் கூந்தன்குளம் பறவைகள். அதற்கடுத்து கிருஷ்ணாபுரம் சிற்பங்கள், அப்புறம் பத்தமடையில் பாய் நெசவு. ஐந்தாவது மாதம் மணிமுத்தாறு போனபோது வந்தவர்கள் 4 பேர். இத்தனைக்கும் சண்டை எதுவும் நடக்கவில்லை. யாரும் கோபித்துக்கொண்டு போகவில்லை. ஆளுக்கொரு கேமராவைத் தூக்கிக்கொண்டு போய்த் தனித்தனியாக எடுத்தோம், அவரவர் இணையப் பக்கத்தில் போட்டோம், ஒருவருக்கொருவர் இதயக்குறி போட்டுக்கொண்டோம். தெரிந்தவர் தெரிந்த இடத்திலேயே இருந்தார், தெரியாதவர் தெரியாத இடத்திலேயே இருந்தார். அதற்கு எதற்கு ஒரு கிளப்?

அந்த 4 பேரில் ஒருவர் பாளையில் ஸ்டூடியோ வைத்திருக்கும் அண்ணாச்சி. பிலிம் காலத்தில் படம் கழுவும் டார்க் ரூமில் கை ஊறியவர். திரும்பி வரும் வழியில் டீக்கடையில் அவர்தான் சொன்னார். "எல்லாரையும் ஆளுக்கு ரெண்டு படம் பிரிண்ட் போட்டு எடுத்துட்டு நம்ம ஸ்டூடியோ மாடிக்கு வரச் சொல்லுங்க. ரெண்டுக்கு மேல வேண்டாம். போன்ல காட்டக் கூடாது." அந்த மாதம் 11 பேர் வந்தார்கள். இன்றுவரை கிளப் என்று ஒன்று இருக்கிறதென்றால் அந்த மாடியில் இரண்டு மேசையை ஒட்டிப் போட்டதால்தான். கொரோனா சமயத்தில் ஒன்றரை ஆண்டு நின்றுபோனது. மறுபடி ஆரம்பித்தபோதும் மேசையிலிருந்துதான் ஆரம்பித்தோம்.

இரண்டே படம் என்பதில் பெரிய வேலை இருக்கிறது. ஒரு காலையில் 600 படம் எடுத்துவிட்டு வருகிறோம். அதில் இரண்டைப் பொறுக்க உட்கார்ந்தால்தான் நமக்கு எது பிடிக்கிறது, ஏன் பிடிக்கிறது என்ற கேள்வியே வருகிறது. அடுத்தது தாள். போனில் வெளிச்சத்தை ஏற்றி வைத்துப் பார்க்கும்போது நிழலுக்குள் இருப்பதெல்லாம் தெரியும். பிரிண்டில் அந்த இடம் கறுப்பாக அப்பிப்போயிருக்கும். வெள்ளை வேட்டியில் மடிப்பே தெரியாமல் வெளிச்சம் ஏறி வெளுத்துப்போயிருப்பது, ஆற்று நீர் ஒரு பக்கம் சாய்ந்து நிற்பது, தலைக்குப் பின்னால் கரண்டுக் கம்பம் முளைத்திருப்பது எல்லாம் தாளில்தான் உறைக்கும். 8க்கு 12 அங்குல அளவில் ஒரு பிரிண்ட் போட ஒரு வேளை டிபன் செலவுதான்.

மேசையில் எங்களுக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. படம் எடுத்தவர் முதலில் பேசக்கூடாது. 'சூப்பர்' என்ற வார்த்தை கூடாது. பேசுகிறவர் தன் கண் படத்தில் முதலில் எங்கே போனது, எங்கே போய் நின்றது என்பதைச் சொல்ல வேண்டும். கேமரா என்ன, லென்ஸ் என்ன என்பதெல்லாம் கடைசியில். இது சாதாரணமாகத் தோன்றும். ஆனால் வங்கியில் வேலை பார்க்கும் உறுப்பினர் ஒருவர் நெல்லையப்பர் ஆனித் தேரோட்டப் படம் ஒன்றைக் கொண்டுவந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். மேலிருந்து எடுத்தது. ரத வீதி முழுக்கத் தலைகள், நடுவில் தேர். எல்லாருக்கும் பிடித்துவிட்டது. கேமராவே இல்லாமல், படம் பார்க்கப் பிடிக்கும் என்பதற்காக மட்டும் வரும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், "என் கண்ணு தேருக்குப் போகவே இல்ல சார். சக்கரத்துக்கிட்ட முட்டுக்கட்டை போடுதவர் கையிலயே நிக்கி" என்றார். படத்தில் அது ஓரத்தில், நகத்தளவு. மறு ஆண்டு அந்த வங்கிக்காரர் மொட்டை மாடிக்குப் போகவில்லை. அனுமதி கேட்டுச் சக்கரத்துக்குப் பக்கத்தில், பாதுகாப்பான தூரத்தில் நின்று, முட்டுக்கட்டை போடும் ஆட்களை மட்டும் எடுத்துவந்தார். அவ்வளவு பெரிய தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் அந்தக் கட்டைகள்தான் என்பது, 40 ஆண்டுகளாகத் தேர் பார்க்கும் எனக்கு அந்தப் படங்களில்தான் மனதில் பதிந்தது.

இனி எங்கள் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். 2018இல் குலசேகரப்பட்டினம் தசராவுக்குப் போனோம். முத்தாரம்மனுக்கு விரதமிருந்து வேடம் போட்டு, ஊர் ஊராகக் காணிக்கை பிரித்துக் கடைசியில் கோயிலில் கொண்டுவந்து சேர்ப்பார்கள் என்பது நம் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். காளி வேடம் போட்ட ஒருவர் கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு மகளிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தார். எங்களில் 9 பேர் சுற்றி நின்றோம். யாரோ "கிரீடத்தை மாட்டுங்கண்ணே" என்றோம். அந்தக் களைப்பிலும் மாட்டினார். நாக்கை நீட்டச் சொன்னோம், நீட்டினார். அடுத்த கூட்டத்தில் அதே மனிதர் ஐந்து பிரிண்டுகளில் மேசைக்கு வந்தார். கல்லூரியில் படிக்கும் பெண் ஒருவர், "இவர் பேரு என்ன?" என்று கேட்டார். 9 பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஊர் எதுவென்றும் தெரியவில்லை. அவருக்கு அந்தப் படத்தைக் கொடுக்க வழியே இல்லை.

அன்றைக்கு வந்ததுதான் பின்பக்கம் எழுதும் பழக்கம். மேசைக்கு வரும் ஒவ்வொரு பிரிண்டின் பின்னாலும் பென்சிலில் இடம், தேதி, படத்தில் இருப்பவர் பெயர் எழுதியிருக்க வேண்டும். நேருக்கு நேர் நின்று ஒருவரை எடுத்துவிட்டுப் பெயர் தெரியாது என்றால் அந்தப் படத்தை மேசையில் வைப்பதில்லை. ஒருவரைச் சுற்றி இரண்டு பேருக்கு மேல் நிற்பதில்லை. எடுத்த படத்தில் ஒரு பிரதி அவருக்குப் போய்ச் சேர வேண்டும். கண்டிப்பு அதிகம் என்று சிலர் விலகினார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஆனாலும் இந்த ஒன்றை மட்டும் தளர்த்த நான் சம்மதிக்க மாட்டேன்.

இப்படிச் சங்கமாகச் சேர்வதும் படத்தோடு குறிப்பு வைப்பதும் நாங்கள் கண்டுபிடித்த பழக்கம் ஒன்றும் இல்லை. லண்டனில் 1853இல் போட்டோகிராபி சங்கம் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளிலேயே பம்பாய், கல்கத்தா, மதராஸ் மூன்று ஊர்களிலும் சங்கம் வந்துவிட்டது. மதராஸில் அதை முன்னின்று தொடங்கியவர் அலெக்சாண்டர் ஹன்டர். இன்றைக்குச் சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியாக இருக்கும் ஓவியப் பள்ளியை 1850இல் ஆரம்பித்தவர் அவர்தான். அந்தக் காலத்தில் மதராஸ் மாகாண அரசுக்காகப் படம் எடுத்தவர் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி. பெரிய கேமராவையும் மெழுகு பூசிய தாள் நெகட்டிவ்களையும் மாட்டு வண்டிகளில் ஏற்றிக்கொண்டு 1858இல் தஞ்சை, மதுரை, திருச்சி என்று சுற்றினார். தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டு வரிகளைத் துண்டு துண்டாக எடுத்து ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளப் படமாக்கினார். எழுத்தைப் படிக்க முடிய வேண்டும் என்பதே நோக்கம். மதுரைத் திருமலை நாயக்கர் மகாலையும் எடுத்தார். நேப்பியர் பிரபு ஆளுநராக வந்து அதைப் பழுதுபார்க்கச் செய்தது 1866க்குப் பிறகுதான். அதற்கு முன் மகால் எப்படி இடிந்து கிடந்தது என்று இன்று நாம் பார்க்க முடிவது, எந்த ஊர், எந்தக் கட்டடம் என்ற குறிப்போடு அந்தத் தாள்கள் பத்திரமாக இருப்பதால். நம் ஹார்ட் டிஸ்க்கில் எண்ணை மட்டும் பெயராகக் கொண்டு கிடக்கும் படங்களை நம் பேரப்பிள்ளைகள் எப்படி அடையாளம் காண்பார்கள் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

எங்கள் கிளப் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது காருகுறிச்சி. தை பிறப்பதற்கு முந்தைய இரண்டு மாதங்கள் பொங்கல் பானை வேலை நடக்கும்போது 14 பேர் மாறி மாறிப் போய் வந்தோம். கண்காட்சியைத் திருநெல்வேலியில் ஒரு மண்டபத்தில் வைக்கலாம் என்று பேச்சு வந்தது. அந்தத் தெருவிலேயே வைப்போம் என்று நானும் அந்த ஆசிரியையும் பிடிவாதமாக நின்றோம். வேம்புக்கும் வீட்டுத் தூணுக்குமாகக் கயிறு கட்டி, துணி காயப்போடும் கிளிப் மாட்டி 60 படங்களைத் தொங்கவிட்டோம். தெருவே திரண்டு வந்தது. பிள்ளைகள் தங்கள் தாத்தாவைத் தேடினார்கள். அப்போது ஓர் ஆச்சி வரிசையாக எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டு என்னிடம் வந்து, "எல்லாம் சக்கரமாவே எடுத்திருக்கீகளே, பானை எங்கே?" என்று கேட்டார்.

எனக்கு விளங்கவில்லை. கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். சக்கரத்திலிருந்து எடுக்கும்போது பானைக்கு அடிப்பாகமே இருப்பதில்லை. கொஞ்சம் உலர்ந்த பிறகு மடியில் வைத்து, உள்ளே ஒரு கையில் கல்லைப் பிடித்துக்கொண்டு, வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டித்தான் அடியை மூடி உருட்சியாக்குகிறார்கள். அங்கே அந்த வேலையைப் பெரும்பாலும் செய்வது வீட்டுப் பெண்கள். சக்கரம் அழகாகச் சுற்றுகிறது, ஈர மண்ணில் வெளிச்சம் விழுகிறது, அதனால் 14 பேரும் இரண்டு மாதம் சக்கரத்தடியிலேயே நின்றிருக்கிறோம். பின்கட்டில் தட்டும் சத்தம் எங்கள் காதில் தினமும் விழுந்துகொண்டே இருந்தது. எங்கள் மேசையில் எத்தனை கூட்டம் போட்டுப் பேசியும் வெளிவராத குறையை அந்த ஆச்சி பத்து நிமிடத்தில் சொல்லிவிட்டார். அடுத்த மாதம் எங்கள் பெண் உறுப்பினர்கள் 5 பேர் திரும்பப் போய்ப் பின்கட்டில் உட்கார்ந்து எடுத்தார்கள். அந்தப் படங்கள்தான் எங்களிடம் இருப்பதிலேயே நல்ல படங்கள். அதன் பிறகு எந்தத் தொழிலை எடுத்தாலும் பாதி வேலையிலேயே அந்த ஆட்களிடம் பிரிண்ட்டைக் கொடுத்து என்ன விட்டுப்போயிருக்கிறது என்று கேட்டுவிடுகிறோம்.

பெண்களைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்கிறேன். விடியற்காலை நடை மட்டுமே இருந்த காலத்தில் எங்களிடம் இரண்டே பெண்கள். காலை 5 மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்புவது அவர்களுக்கு எளிதாக இருக்கவில்லை. ஞாயிறு மாலை 4 மணிக் கூட்டம் வந்த பிறகுதான் எண்ணிக்கை ஏறியது. பெண்களின் போன் எண்களை ஒரு பெண்தான் வைத்திருக்கிறார். குரூப்பிலிருந்து எண்ணை எடுத்துத் தனியாகச் செய்தி அனுப்பினால், ஒரே தடவை, அவ்வளவுதான், வெளியே.

கிளப் உடையும் நிலைக்கு வந்தது ஒரு கல்யாணத்தால். எங்கள் இளம் உறுப்பினர் ஒருவர் பழக்கத்துக்காக என்று சொல்லி ஒரு கல்யாணத்தை இலவசமாக எடுத்துத் தருவதாக ஒப்புக்கொண்டார். அந்த வீட்டார் ஏற்கெனவே அட்வான்ஸ் கொடுத்திருந்தது எங்களிலேயே இன்னொருவருக்கு. அவருக்கு அந்த முகூர்த்தம்தான் அந்த மாத வாடகை. பொழுதுபோக்காக எடுப்பவருக்கும் தொழிலாக எடுப்பவருக்கும் நடுவே இந்த உரசல் எல்லாச் சிறு ஊரிலும் வரும், முதல் நாளே பேசி வைத்துவிடுங்கள். எங்களிடம் இப்போது யாரும் இலவசமாகக் கல்யாணம் எடுப்பதில்லை. பழக வேண்டுமென்றால் ஸ்டூடியோக்காரர்கள் இரண்டாவது கேமராவாகச் சம்பளம் கொடுத்துக் கூட்டிப்போகிறார்கள். முகூர்த்தம் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் அவர்கள் எங்களுக்கு லைட்டிங் சொல்லித் தருகிறார்கள்.

போட்டிகள் பற்றிக் கேட்கிறார்கள். சலோன் என்று சொல்லும் சர்வதேசப் போட்டிக் கண்காட்சிகளுக்கு அனுப்பிப் பட்டம் வாங்கியவர்கள் எங்களிடமும் உண்டு. அவர்கள் உழைப்பு உண்மையானது. கிளப்பே அதற்காக ஓடத் தொடங்கும்போதுதான் எனக்குக் கவலை வருகிறது. ஆட்டு மந்தையைப் புழுதி கிளப்ப மறுபடி மறுபடி ஓட்டச் சொல்வது, ஒரே முதியவருக்கு ஒரே பீடியைக் கொடுத்துப் புகை விடச் சொல்வது எல்லாம் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது. கூந்தன்குளத்தில் ஊர்க்காரர்கள் தெருவோர மரங்களிலேயே மஞ்சள் மூக்கு நாரையைக் கூடு கட்ட விட்டுக் காக்கிறார்கள். அங்கே போய் நல்ல படத்துக்காகக் கூட்டை மறைக்கும் கிளையை ஒதுக்குவது அந்த ஊருக்கே செய்யும் துரோகம். கூட்டுக்குப் பக்கத்தில் போய் எடுத்த படத்தை நாங்கள் மேசையில் வைப்பதில்லை.

பணம், பதிவு எல்லாம் சுருக்கமாக. மாதம் 100 ரூபாய், மாணவர்களுக்கு இல்லை. வரவு செலவு நோட்டு மேசையிலேயே கிடக்கும், யாரும் புரட்டலாம். 1975ஆம் ஆண்டு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி 7 பேர் இருந்தால் பதிவு செய்யலாம். ஆனால் ஆண்டுதோறும் கணக்கு, பொதுக்குழு என்று வேலை இருக்கிறது. இரண்டு ஆண்டு ஓடட்டும், அப்புறம் பார்க்கலாம். டீ சர்ட் பணத்தில் ஒரு பழைய 50 எம்எம் லென்ஸ் வாங்கி மாதம் ஒருவர் வீட்டுக்கு என்று சுற்றுக்கு விடுங்கள். போன் மட்டும் வைத்திருப்பவரும் முழு உறுப்பினர்தான். எங்கள் காருகுறிச்சிப் படங்களில் மூன்று போனில் எடுத்தவை, எந்த மூன்று என்று பிரிண்டைப் பார்த்து இதுவரை யாரும் சரியாகச் சொன்னதில்லை.

தென்காசித் தம்பி, குற்றாலத்துக்கு அடுத்த மாதம் போகலாம். சாரலும் அருவியும் அங்கேதான் இருக்கும். வரும் இரண்டாவது ஞாயிறு மாலை 4 மணிக்கு உங்கள் கிளப் ஆட்கள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு பாளைக்கு வாருங்கள். ஸ்டூடியோ மாடி, செருப்பைக் கீழேயே விட்டுவிடலாம். ஆளுக்கு இரண்டு பிரிண்ட், 8க்கு 12, உங்கள் ஊரில் எடுத்ததாக இருக்கட்டும். பின்னால் பெயர் எழுத மறந்துவிடாதீர்கள்.