இரண்டடி தூரத்துக்கு டேட்டா எதற்கு?

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை என்று நம் மலையகத்தில் எந்த டவுனிலும் ஒரு கொமினிகேஷன் கடையில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். பிறப்புச் சான்றிதழையோ அடையாள அட்டையையோ போனில் படம் எடுத்து வந்தவர் பிரிண்ட் கேட்பார். "இந்த நம்பருக்கு வட்ஸ்அப் பண்ணுங்கண்ணே" என்பார் கடைத் தம்பி. இரண்டுக்கும் நடுவில் ஒரு மேசைதான். ஆனால் படம் டவர் ஏறி, எங்கோ வெளிநாட்டு சேர்வர் வரை போய்த் திரும்பி வருகிறது. பக்கத்துக் காம்பராவுக்குக் கறி கொடுக்க டவுனுக்குப் போய் பஸ் மாறி வருகிற கதைதான். சிக்னல் போய்விட்டால் அதுவும் இல்லை. வந்தாலும் வட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும். டொக்கியுமென்டாக அனுப்பினால்தான் எழுத்து மங்காமல் இருக்கும். வேலை முடிந்தபின் உங்கள் அடையாள அட்டை அந்தக் கடைக் கணினியிலேயே கிடக்கும். அதை யார் அழிக்கிறார்கள்?

நுட்பம் இல்லாமல் இல்லை. ஐபோனில் தொடங்கிய வேலையை மெக் கணினியில் தொடரும் வசதியை ஆப்பிள் 2014இலேயே கொடுத்தது. 2016இல், ஒன்றில் கொப்பி பண்ணி மற்றதில் பேஸ்ட் பண்ணவும் முடிந்தது. போனை வின்டோஸ் கணினியோடு இணைக்க மைக்ரோசொப்ட் 2018இல் கொண்டுவந்த எப்தான் இன்று 'போன் லிங்க்'. ஆனால் ஆப்பிளின் வசதிக்குக் கையிலிருக்கும் இரண்டுமே ஆப்பிளாக இருக்க வேண்டும். போன் லிங்க்கில் கோப்புகளை இழுத்துப் போடும் வசதி குறிப்பிட்ட சில அன்ட்ரோய்ட் போன்களுக்கு மட்டும். நம் வீடுகளிலோ அண்ணன் கொழும்பிலிருந்து கொண்டுவந்த பழைய லெப்டொப், தவணைக்கு எடுத்த ஏதோ ஒரு போன். போனை மொனிட்டரில் செருகிக் கணினியாகவே மாற்றலாம் என்று சாம்சங் 2017இலிருந்து காட்டிக்கொண்டிருக்கிறது. பார்க்க அழகுதான். எனக்கு ஒரு பிடிஎஃப் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் போதும்.

கம்பெனிகள் தாமாக வேலியைப் பிரிக்கும் என்று நான் நம்பவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் போட்ட பிறகுதானே 2023இல் ஐபோனுக்கும் டைப்-சி சார்ஜர் வந்தது? கோப்புப் பரிமாற்றத்துக்கும் அப்படியொரு பொது விதி வேண்டும்.

அதுவரைக்கும் 'லோக்கல்சென்ட்' என்றொரு இலவச எப் இருக்கிறது. வின்டோஸ், மெக், லினக்ஸ், அன்ட்ரோய்ட், ஐபோன் எல்லாவற்றிலும் ஓடும். அன்ட்ரோய்ட் போனில் ஹொட்ஸ்பொட் போட்டு லெப்டொப்பை அதில் இணைத்தால் கோப்பு நேராகப் போகும். இன்டர்நெட்டே வேண்டாம். மொபைல் டேட்டாவை மட்டும் மறக்காமல் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் லெப்டொப் சத்தமில்லாமல் அப்டேட் இறக்கி உங்கள் ரீலோட்டைத் தின்றுவிடும்.

சரி, கோப்பு போய்விட்டது. திறந்தால்? இங்கேதான் நம்முடைய சொந்தத் தலைவலி: பாமினி. பாடசாலை வினாத்தாள், சங்கக் கடிதம், கோயில் நோட்டீஸ் என்று கணினியில் அடிப்பதில் பெரும்பகுதி இன்னும் அந்த எழுத்துருவில்தான். பாமினி ஆங்கில எழுத்துக்களின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்தி வைத்திருக்கிறது. அந்த எழுத்துரு இல்லாத போனில் போர்வை விலகிவிடும். மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்க வேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளி. பிடிஎஃப் ஆக்கினால் படிக்கலாம், ஆனால் ஒரு வரியைக் கொப்பி பண்ணினால் மறுபடி அதே குப்பை. போனில் யூனிகோடில், அதாவது எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டில், எழுதியதை அப்படியே பாமினி எழுத்துருவுக்குக் கொண்டுவரவும் முடியாது, மாற்றியாக வேண்டும். இதற்கு எந்த வெளிநாட்டுக் கம்பெனியையும் திட்ட முடியாது.

விரல் பழகிவிட்டது என்பார்கள். நியாயம்தான், 20 வருடப் பழக்கம் லேசில் போகாது. ஆனால் விரலை மாற்றவே தேவையில்லை. இ-கலப்பை போன்ற இலவச மென்பொருளைப் போட்டால் அதே பாமினி விசை முறையில் தட்டலாம், திரையில் விழுவது யூனிகோட். நம் பக்கத்து ஆசிரியர்கள் அடுத்த தவணைப் பரீட்சைத் தாளையாவது அப்படி அடித்துப் பாருங்கள். எப்படிப் போடுவது என்று தெரியாவிட்டால் இன்பொக்ஸில் கேளுங்கள், சொல்கிறேன்.