இலையே படமாகும்போது: பின் டானின் வேலையைச் செய்முறையிலிருந்து பார்க்கலாம்

இலையில் ஒரு முகம் தெரிந்தால் கணினியில் ஒட்டிய வேலை என்று நினைத்துப் பலரும் கடந்துவிடுகிறார்கள். வியட்நாமில் பிறந்த அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பின் டானின் (Binh Danh) இலைப்படங்களையும் அப்படிக் கடந்தால் இழப்பு நமக்குத்தான். அவற்றில் மை இல்லை, சாயம் இல்லை, காகிதமும் இல்லை. இலையின் பச்சையமே படம், வெயிலே அச்சு இயந்திரம். இதைச் சொல்லாமல் ‘அடையாளம், இயற்கை, நினைவு’ என்று அவரைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. அவர் சொல்ல வந்தது முழுக்கச் செய்முறைக்குள்தான் இருக்கிறது.

டான் 1977இல் வியட்நாமில் பிறந்தவர். போருக்குப் பின் படகேறிய குடும்பம் அகதியாக 1979இல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தது. கலிபோர்னியாவின் சான் ஹோசே பக்கம் வளர்ந்தார், ஸ்டான்ஃபோர்டில் முதுகலை படித்தார். கோடையில் புல்தரையில் கிடந்த தண்ணீர்க் குழாய், தன் அடியிலிருந்த புல்லை வேறு நிறமாக மாற்றியிருந்தது. அதைக் கவனித்ததுதான் தொடக்கம். பூச்சாற்றில் படம் எடுப்பதை ஆங்கில அறிவியலாளர் ஜான் ஹெர்ஷல் 1842லேயே எழுதிவிட்டார். ஆனால் சாறு பிழிந்து காகிதத்தில் தடவுவது வேறு, முழு இலையின் மேலேயே படத்தை வரவைப்பது வேறு.

இனி செய்முறை. பாதி வேலை இலைத் தேர்விலேயே முடிந்துவிடும். மாவிலை, பலாவிலை மாதிரி தடித்து மினுங்கும் இலை ஒத்துவராது. மேலே மெழுகுப் பூச்சு இருக்கிறது, வெளிற நாளாகும், அதற்குள் காய்ந்துவிடும். நாஸ்டர்ஷியம், கல்வாழை, பசலை போன்ற அகலமான, மெல்லிய, முற்றியும் முற்றாத பச்சை இலை வேண்டும். துளிர் சுருங்கிவிடும்.

சாதாரண அச்சுக்கு நெகட்டிவ், அதாவது ஒளியும் நிழலும் இடம் மாறிய படம், வேண்டும். பச்சைய அச்சில் பொதுவாக ஒளியும் நிழலும் இயல்பாக இருக்கும் பாசிட்டிவ் வைப்பார்கள். வெயில் பட்ட இடத்தில் பச்சையம் சிதைந்து வெளிறும், மை மறைத்த இடம் பச்சையாகவே நிற்கும். ஆகவே எங்கே நிழல் வேண்டுமோ அங்கே மை. பலர் தோற்பது இந்த இடத்தில்தான். இங்க்ஜெட்டில் ஒரே ஒரு ஒளிபுகும் தாளில் அச்சடித்தால் கறுப்பு போதாது, வெயில் ஊடுருவி முகம் முழுக்க ஒரே மங்கலாகிவிடும். அதே படத்தை இரண்டு தாளில் எடுத்து, கண்ணுக்குக் கண், மூக்குக்கு மூக்கு பொருத்தி ஒட்ட வேண்டும். மென்மையான இடைநிறங்களை இலை காட்டாது. அச்சடிக்கும் முன்பே வெளிச்சத்தையும் நிழலையும் நன்றாகப் பிரித்துவிடுவது நல்லது.

அடியில் கெட்டிப் பலகை, அதன்மேல் ஃபெல்ட் துணி, துணிமேல் இலை, இலைமேல் படத்தாள், எல்லாவற்றுக்கும் மேலே கண்ணாடி. நான்கு பக்கமும் கிளிப். அழுத்தம் ஓரிடத்தில் குறைந்தாலும் அங்கே படம் கலங்கும். இலையின் நடுநரம்பு கண்ணின் குறுக்கே ஓடினால் முகம் போயிற்று. மூக்கின் கோட்டோடு அதைப் பொருத்துங்கள். டான் காம்பில் சிறு தண்ணீர்ப் பை கட்டிவிடுவார், வெயிலில் கிடக்கும்போதும் இலை தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும். மெல்லிய இலைக்குச் சுள்ளென்ற வெயிலில் சில மணி நேரம் போதும், சிலவற்றுக்கு நாள் கணக்கு. டானின் இலைகள் நாள்கணக்கில், சிலசமயம் வாரக்கணக்கில் கிடக்கும்.

இலை மூச்சுவிடும் ஈரம் கண்ணாடிக்கடியில் முத்துமுத்தாகக் கோர்க்கும். அது மையைக் கரைக்கும், விட்டால் பூஞ்சையும் பிடிக்கும். இலைக்கும் தாளுக்கும் நடுவே மெல்லிய தெளிந்த பிளாஸ்டிக் படலம் வைத்தால் மை தப்பும். சூடு ஏறினால் இலை வெந்து முழுக்கப் பழுப்பாகிவிடும். நடுவில் திறந்து பார்க்கும் ஆசையில் தாளை ஒரு மயிரிழை நகர்த்தினாலும் இரட்டைக் கண் விழும், தாளின் ஒரு ஓரத்தை டேப் போட்டுக் கீல் மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவு பார்த்துச் செய்தும் ஐந்தில் ஏறக்குறைய ஒன்றுதான் டானுக்கே சரியாக வருகிறது.

வந்த படமும் நிற்காது. பச்சையத்தின் நடுவில் உட்கார்ந்திருக்கும் மெக்னீசியம் கழன்றதும் பச்சை போய்ப் பழுப்பு ஏறும். சிலர் மயில்துத்தக் (காப்பர் சல்பேட்) கரைசலில் இலையை நனைக்கிறார்கள், மெக்னீசியத்தின் இடத்தில் செம்பு உட்கார்ந்து நிறம் நீடிக்கிறது. கையுறை கட்டாயம். மீந்த கரைசலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள், மீனுக்கு அது விஷம். டான் தேர்ந்தெடுத்த வழி ரெசின் கட்டி: திரவமாக ஊற்றினால் கண்ணாடி போல இறுகும் பிசினுக்குள் இலையைப் பதிப்பது. இலை நன்றாகக் காயாமல் ரெசின் ஊற்றினால் உள்ளே புகைமூட்டம் போலாகும், குமிழியும் கிளம்பும். மொத்தமாக ஊற்றினால் சூடேறி விரிசல் விடும். மெல்லிய அடுக்காக, ஒன்று இறுகியபின் அடுத்தது. ரெசின் காற்றையும் ஈரத்தையும் தடுக்கும், வெளிச்சத்தைத் தடுக்காது, எனவே பிறகும் மங்கலான வெளிச்சத்தில்தான் வைக்க வேண்டும்.

இந்தப் பாடு எதற்கு? போரில் செத்தவர்களின் உடலும் குண்டின் எச்சமும் வியட்நாம் மண்ணில் கலந்தன, மண்ணிலிருந்து செடிக்கு ஏறின. இது டான் முன்வைக்கும் எண்ணம். அப்படியென்றால் செத்தவரின் முகம் இலையில் தெரிவதை வெறும் உவமை என்று ஒதுக்க முடியாது. அமெரிக்க ‘லைஃப்’ இதழ் 1969 ஜூன் 27 அன்று, வியட்நாம் போரில் ஒரே வாரத்தில் இறந்த 242 அமெரிக்க வீரர்களில் ஏறக்குறைய எல்லோருடைய படங்களையும் வெளியிட்டது. அந்த முகங்களையும் டான் இலைக்குக் கொண்டுவந்தார். எதிரி நாட்டு வீரனுக்கும் அதே பச்சை, அதே வெயில்.

கம்போடியாவின் டுவோல் ஸ்லெங் சிறைக் கைதிகளின் முகங்களையும் இலையில் ஏற்றினார். 1975-79இல் அந்நாட்டை ஆண்ட கெமர் ரூஜ் இயக்கத்தின் சிறைக்காரர்கள் கோப்புக்காக எடுத்த படங்கள் அவை. கொன்றவன் எடுத்த படத்தைக் கலையாக்கலாமா என்ற கேள்வி நியாயமானது. என் பதில், ஆக்கலாம், ஆனால் இப்படித்தான் ஆக்க வேண்டும். காகிதத்தில் பெரிதாக்கி மாட்டினால் அது கோப்பின் மறுபிரதி. இலையில் அந்த முகத்துக்கு நாள்கணக்கில் ஒருவர் தண்ணீர் வைத்துக் காத்திருக்கிறார். சிறைக் காமிரா அந்த மனிதருக்கு ஒரு நொடிதான் கொடுத்தது.

பிறகு டான் டாகுரோடைப் என்ற பழைய தகட்டுப் புகைப்பட முறைக்குப் போனார். வேன் ஒன்றை நடமாடும் இருட்டறையாக்கி, அந்த முறையைக் கண்டுபிடித்த டாகுரின் முதல்பெயரான ‘லூயி’யையே அதற்குச் சூட்டி, கலிபோர்னியாவின் யோசெமிட்டி மலைகளைப் படமெடுத்தார். புகைப்படக்காரர் கார்ல்டன் வாட்கின்ஸ் 1861இல் பெரிய தகடுகளில் எடுத்துப் புகழ்பெற்ற அதே இடம். வெள்ளி பூசிய செம்புத் தகட்டைக் கண்ணாடி போலத் துலக்கி, அயோடின் ஆவி காட்டி, காமிராவில் வைத்து எடுப்பது இந்த முறை. துலக்குவதில் துளி அழுக்கு நின்றாலும் மலைமேல் கறை விழும். தகடு நீல ஒளிக்குத்தான் கூர்மை. அதனால் மரங்கள் கறுத்துப்போகும், வெளிச்சம் மிஞ்சினால் வானமே நீலம் பூக்கும். படம் இடவலம் மாறியும் இருக்கும்.

யோசெமிட்டி அமெரிக்காவின் பெருமை என்று காட்டப்படும் இடம். அகதியாக வந்த ஒருவர் அதைத் தன் நிலமாகப் பார்க்க முடியுமா என்ற கேள்விக்கு டான் சொல்லால் பதில் தேடவில்லை, தகட்டிடம் விட்டுவிட்டார். தகடு கண்ணாடி, முன்னால் நிற்பவர் யாராக இருந்தாலும் அவர் முகம் மலைக்கு நடுவே தெரியும். கறுப்புச் சட்டையில் நின்றால் பாறை துல்லியமாக எழும். வெள்ளைச் சட்டையில் நின்றால் அதே பாறை நெகட்டிவ்வாகப் புரண்டுவிடும். ஓரடி நகர்ந்து, தலையைச் சாய்த்து, சரியான கோணம் கிடைக்கும்வரை நின்று பார்க்க வேண்டும்.