43,200 ரூபாய் வரியும் ஒரு பலாப்பழமும்

மூன்று பேரிடம் போனில் புலம்பியும் எனக்கு ஆறவில்லை, அதனால் இங்கேயும் கொட்டுகிறேன். பழைய வண்டியை விற்றுப் பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் வேண்டாம். விற்காதவர்கள் போன ஜென்மத்தில் புண்ணியம் செய்தவர்கள்.

என் வேகன்ஆர் கார், டிஎன் 31 என்கிற கடலூர் நம்பர், 2016-ல் எடுத்தது. 2.40 லட்சம் என்று போனிலேயே பேசி முடித்தாயிற்று. வாங்குகிறவர் புதுச்சேரிப் பக்கம், கிருமாம்பாக்கம். ஞாயிற்றுக்கிழமை காலையில் கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் வீட்டு வாசலில் வந்து இறங்கினார், கூடவே இன்னொருவர். "நம்ம மச்சான் சார், வண்டி விஷயம்னா அத்துப்படி." எல்லா வண்டி வியாபாரத்திலும் இப்படி ஒரு மச்சான் வருவார். பணம் அவருடையது இல்லை, வண்டியும் அவருக்கு இல்லை, வாய் மட்டும் அவருடையது.

மச்சான் பானெட்டைத் திறந்தார். ஆயில் குச்சியை உருவி மோந்து பார்த்தார். நான்கு கதவையும் விரலால் தட்டித் தட்டி, தேங்காய் முற்றிவிட்டதா என்று பார்ப்பதுபோல் காதை வைத்துக் கேட்டார். ஏசியைப் போட்டு உட்கார்ந்து பத்து நிமிடம் தூங்கினாரோ என்னவோ, வெளியே வர மனசே இல்லை. பண்ருட்டியிலிருந்து மாமனார் கொடுத்தனுப்பிய பலாப்பழத்தை அறுத்து ஒரு தட்டு நிறையச் சுளை வைத்தாள் என் மனைவி. ஏழாவதோ எட்டாவதோ சுளையில்தான் ஆரம்பித்தார்.

"ரேட்டு ஓகே சார். ஆனா ஜிஎஸ்டி இருக்குல்ல?"

எனக்குப் புரியவில்லை. எந்த ஜிஎஸ்டி என்றேன்.

"பழைய வண்டிக்குப் பதினெட்டு பர்சன்ட் போட்டுட்டாங்களே சார், நியூஸ் பாக்கறது இல்லியா?" போனை எடுத்துத் தட்டினார். "ரெண்டு நாப்பதுக்குப் பதினெட்டு பர்சன்ட், 43,200. அத கழிச்சிட்டா 1,96,800. ரவுண்டா ஒண்ணு தொண்ணூத்தஞ்சு வெச்சிக்குவோம்."

ரவுண்டு பண்ணுவதிலும் 1,800 ரூபாய் என் பக்கத்திலிருந்துதான் போகிறது, கவனியுங்கள்.

நியூஸ் பார்த்தேன் ஐயா. 2024 டிசம்பர் 21, ஜெய்சால்மரில் நடந்த 55வது ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டம். கேரமல் பாப்கார்னுக்கு 18 சதவீதம் என்று ஊரே சிரித்ததே, அதே கூட்டம்தான். பழைய வண்டி வாங்கி விற்பதையே தொழிலாக வைத்து ஜிஎஸ்டி பதிவு எடுத்திருக்கிறவனுக்குத்தான் அந்த 18. அதுவும் மொத்த விலைக்கு இல்லை, வாங்கின விலைக்கும் விற்ற விலைக்கும் நடுவில் அவனுக்கு நிற்கிற லாபத்துக்கு. ஏற்கெனவே சின்ன வண்டிக்கு 12 இருந்தது, அதை 18 ஆக்கினார்கள், அவ்வளவுதான். வீட்டில் ஓட்டிய வண்டியை ஒருவர் இன்னொருவருக்கு விற்றால் ஜிஎஸ்டி ஒரு பைசா கிடையாது. இதை நான் பொறுமையாக, கை கழுவிவிட்டு வந்து, ஒரு வாத்தியார் மாதிரி சொன்னேன். அதுதான் நான் செய்த தப்பு.

"ஆங், மார்ஜினு!" என்றார் மச்சான், நானே மறந்துபோனதை ஞாபகப்படுத்திவிட்டேன் என்பதுபோல. "நீங்க எவ்ளோவுக்கு சார் எடுத்தீங்க?"

எல்லாம் சேர்த்து ஐந்தரை லட்சம் என்றேன். மறுபடி தட்டினார். "அஞ்சரையில ரெண்டு நாப்பது போனா மூணு பத்து. அதுக்குப் பதினெட்டு பர்சன்ட் 55,800. பாத்தீங்களா, நான் சொன்ன கணக்குதான் சார் உங்களுக்கு லாபம்."

அது எனக்கு நஷ்டமய்யா! பத்து வருடத்தில் வண்டி தின்ற மூன்று லட்சத்துப் பத்தாயிரம்! நஷ்டத்துக்கு வரி கிடையாது என்று அரசாங்கமே அப்போது விளக்கம் சொல்ல வேண்டி வந்ததே இந்த மாதிரி மச்சான்களால்தான். இவ்வளவுக்கும் 2016-ல் நான் கட்டியது என்ன? வாட் 14.5 சதவீதம், ஆயுட்கால வரி 10 சதவீதம், கம்பெனி வாசலைத் தாண்டும்போதே விலையில் ஏறிய கலால் வரி தனி. ஜிஎஸ்டி பிறந்ததே 2017 ஜூலையில். பிறக்காத பிள்ளைக்குக் காதுகுத்து மொய் எழுதச் சொல்கிறார் மனுஷன்.

சரி, ஜிஎஸ்டி செல்லாது என்று தெரிந்ததும் சும்மா இருந்தாரா? "புது வண்டிக்கே 28-லேர்ந்து 18-ஆ குறைச்சிட்டாங்க சார் போன செப்டம்பர்ல. அப்ப பழசுக்கு என்னா மதிப்பு?" வரி ஏறினாலும் என் வண்டி விலை குறைய வேண்டும், வரி இறங்கினாலும் என் வண்டி விலை குறைய வேண்டும். நிதியமைச்சகம் என்ன முடிவு எடுத்தாலும் அது நேராக மஞ்சக்குப்பத்துக்கு வந்து என் சட்டைப்பையில்தான் கை விடுகிறது.

அடுத்தது என்ஓசி, அதாவது தடையில்லாச் சான்று வாங்குகிற தொல்லை என்று ஆரம்பித்தார் மச்சான். ஆல்பேட்டை செக்போஸ்ட், பெண்ணையாற்றுப் பாலம், ரெட்டிச்சாவடி தாண்டினால் முள்ளோடை, அங்கேயிருந்து புதுச்சேரி. அரை மணி நேரம் ஆகாது. பெட்ரோல் விலை குறைவு என்று டேங்கை நிரப்பிக்கொண்டு வர, வேறு சில சாமான்களுக்கும், இந்த ஊர்க்காரர்கள் வாரத்துக்கு இரண்டு தடவை போய் வருகிற தூரம். ஆனால் வண்டி போய்த் தங்க வேண்டுமென்றால் படிவம் 28, இங்கே தடையில்லாச் சான்று, அங்கே மறுபடி வரி, புது நம்பர். இந்த எரிச்சல் நியாயம்தான், அதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆயுட்கால வரி என்று பெயர் வைத்துவிட்டு, ஆற்றைத் தாண்டியதும் ஆயுள் முடிந்தது என்றால் எப்படி?

அதற்குத்தான் மச்சான் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். "அதெல்லாம் எதுக்கு சார் அலைச்சல்? பேர் மாத்துற ஃபாரம் 29, 30 ரெண்டுலயும் தேதி போடாம கையெழுத்து மட்டும் போட்டுக் குடுங்க. வண்டி உங்க பேர்லயே ஓடட்டும், அப்புறமா பொறுமையா மாத்திக்கிறோம்."

எனக்கு அங்கேதான் பொத்துக்கொண்டு வந்தது. அரசாங்கத்துக்கு வரி போக வேண்டும் என்று அரை மணி நேரமாக 43,200 ரூபாய்க்கு என்னோடு மல்லுக்கட்டிய உத்தமர், அதே அரசாங்கத்திடம் வண்டி கைமாறிய விஷயத்தை மட்டும் சொல்ல மாட்டாராம்! வெளிமாநிலத்துக்கு விற்றால் 45 நாளுக்குள் நான் தகவல் கொடுக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. பெயர் மாறாமல் வண்டி போய் எங்காவது மோதினால், ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று 2018-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவர் ஓட்டுவார், நான் கோர்ட்டுக்கு நடக்க வேண்டும்.

கத்தினேன். பக்கத்து வீட்டு மாடியில் துணி காயப்போட்ட அக்கா எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். வாங்க வந்தவர் பாவம், தலையைக் குனிந்துகொண்டார். மச்சான் அசையவில்லை. "சரி சார், கோவப்படாதீங்க, ஜிஎஸ்டிய ஆளுக்குப் பாதி போட்டுக்குவோம்" என்றார்.

இல்லாத வரியில் பாதி! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திண்ணையிலேயே உட்கார்ந்து சிரித்தேன். அவரும் சேர்ந்து சிரித்தார், அதுதான் கொடுமை. வியாபாரம் படியவில்லை, இருந்தும் கிளம்பும்போது வாசலில் நின்று, "சார், அந்தப் பலாக்கொட்டையத் தூக்கிப் போடத்தானே போறீங்க? எங்க வீட்டுல கருவாட்டுக் குழம்பு நல்லா வெப்பாங்க" என்றார். சிரித்த களைப்பில் நானும் ஒரு கேரிபேக்கில் வழித்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

வண்டி வாசலில்தான் நிற்கிறது. கருவாட்டை ஊறப்போட்டுவிட்டுக் கொட்டையைத் தேடிய என் மனைவி, மத்தியானத்திலிருந்து என்னோடு பேசவில்லை.