பேஸ்மென்ட்டில் தண்ணீர்: மழைநீர்க் குழியை மூடினால் தீருமா?

"பேஸ்மென்ட்டில் தண்ணீர் தேங்கக் காரணம் மழைநீர் சேகரிப்புக் குழிதான், சிமென்ட் போட்டு மூடிவிடுங்கள்" என்று சென்னை அடுக்ககங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு தகவல் சுற்றுகிறது. இது தவறு. மூடினால் மொட்டைமாடித் தண்ணீரும் சேர்ந்து பேஸ்மென்ட்டுக்குப் போகும் சாய்தளத்தில்தான் இறங்கும். தவிர, 2003 முதல் தமிழ்நாட்டில் இந்த அமைப்பு கட்டாயம்.

முதலில், பேஸ்மென்ட்டுக்குள் வருவது எந்தத் தண்ணீர் என்று பாருங்கள். மழை கொட்டும்போதே சேறும் இலையுமாக வந்தால் அது தெருத் தண்ணீர். சாலையை மேலே மேலே போட்டதில் வாசல் பள்ளமாகிப்போன கட்டடங்களில் இது சகஜம். மழை விட்ட மறுநாளும், சுவரும் தரையும் சேரும் இடத்தில் தெளிவாகக் கசிந்தால் நிலத்தடி நீர் ஏறி அழுத்துகிறது. உள்பக்கம் பெயின்ட் அடித்து அதை நிறுத்த முடியாது. நாற்றத்தோடு கொப்பளித்தால், சரி, சாக்கடை எதிர்த்து வருகிறது.

அப்புறம், தேங்கிய தண்ணீரை வெளியேற்றும் பம்ப். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மின்சாரம் நிறுத்தப்பட்டது. ஜெனரேட்டர் இணைப்பு இல்லாத பம்ப் அப்போது வெறும் இரும்பு. மின்சாரம் இருந்தாலும், தண்ணீர் ஏறியதும் பம்ப்பை ஓடவைக்கும் மிதவை சுவிட்சில் ஒரு பிளாஸ்டிக் பை சிக்கினால் போதும், ஓடாது.

ஆனால் மழைநீர்க் குழி பேஸ்மென்ட் சுவரை ஒட்டியிருந்து, சுவரில் வெடிப்பும் இருந்தால் கசிவு கூடலாம். சந்தேகமா? வெயில் நாளில் கேசரிப் பவுடர் கலந்த தண்ணீரைக் குழியில் நிறைய ஊற்றி, இரண்டு நாள் சுவரைக் கவனியுங்கள். நிறம் தெரிந்தால் குழியை இடம் மாற்றி வெட்டுங்கள்.