பலவகை இசைப் பருவம் நடத்தும் அரங்கங்களுக்கு: தேதி குறிப்பதற்கு முன்னால்

கலை அரங்கங்கள் இசைப் பருவத்தை அறிவிக்கும்போது 'பலவகை இசை' என்பதைத்தான் முதலில் பெருமையாகச் சொல்கின்றன. ஒரு வாரம் ஸ்ட்ரிங் குவார்டெட் (இரண்டு வயலின், வயோலா, செல்லோ கொண்ட நால்வர் குழு), அடுத்த வாரம் ராக் குழு, பிறகு ஜாஸ், கர்நாடகக் கச்சேரி, தனிப் பியானோ. பட்டியலைப் பார்த்தாலே ஆசையாக இருக்கும். ஆனால் அதைப் போட்டவர்கள் அரங்கின் ஒலிப்பொறுப்பாளரைக் கேட்டுத் தேதி குறித்தார்களா என்பது முதல் இரண்டு நிகழ்ச்சிகளிலேயே காதில் விழுந்துவிடும். கலைஞர்களைத் தேர்ந்தெடுப்பவரும் அரங்கை இயக்குபவரும் ஒன்றாக உட்கார்ந்துதான் நாட்காட்டி போட வேண்டும் என்பது என் கட்சி. ஒப்பந்தத்தில் கையெழுத்தான பிறகு "எப்படியாவது சமாளிச்சிடுங்க" என்று டெக்னீஷியன் தலையில் கட்டினால், எவ்வளவு பெரிய கலைஞர் வந்தாலும் நிகழ்ச்சி சொதப்பும்.

முதல் சிக்கல் சுவர்களில் இருக்கிறது. ஒலி நின்ற பிறகு அது 60 டெசிபல் அடங்க எடுக்கும் நேரத்தை ரிவெர்ப் நேரம் என்கிறோம். சிம்பொனிக்கு 1.8 முதல் 2 விநாடி வரை இருந்தால் அழகு. குவார்டெட் போன்ற சிறு குழுக்களின் சேம்பர் இசைக்கு ஒன்றரை விநாடியை ஒட்டி இருக்கலாம். ஒலிபெருக்கியில் வரும் ராக், பாப் இசைக்கோ நடுத்தர அரங்கில் ஒரு விநாடி போதும்; அதற்கும் குறைந்தால் இன்னும் நல்லது. ஒரு இசைக்கு உயிர் தரும் அதே நீட்சி இன்னொன்றைக் கூழாக்கிவிடும்.

அமெரிக்க இயற்பியலாளர் வாலஸ் சபைன் தந்த சூத்திரம் எளிது: அரங்கின் கன அளவை (கன மீட்டரில்) 0.161 ஆல் பெருக்கி, மொத்த ஒலி உறிஞ்சும் பரப்பால் வகுத்தால் ரிவெர்ப் நேரம் வரும். 1895இல் ஹார்வர்டின் ஃபாக் விரிவுரை அறையில் பேச்சே புரியவில்லை என்று அவரிடம் சரிசெய்யச் சொன்னார்கள். பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கி வந்து அடுக்கி அடுக்கி அளந்துதான் மனிதர் இதைக் கண்டுபிடித்தார். 1900இல் திறந்த பாஸ்டன் சிம்பொனி ஹால் இந்தக் கணக்கை வைத்து வடிவமைக்கப்பட்டது.

இனி நம் கணக்கு. 6000 கன மீட்டர் அரங்கில் உறிஞ்சும் பரப்பு 500 சதுர மீட்டர் என்று வைப்போம். ரிவெர்ப் 1.93 விநாடி, குவார்டெட்டுக்கே சற்று அதிகம், ராக்குக்கு வாய்ப்பே இல்லை. உடனே எல்லோருக்கும் தோன்றுவது திரைச்சீலை. கனத்த வெல்வெட்டை இரட்டைத் துணியாக மடிப்பு விட்டு 300 சதுர மீட்டருக்குத் தொங்கவிட்டால், 1000 ஹெர்ட்ஸில் அதன் உறிஞ்சும் திறன் சுமார் 0.72. அதாவது 216 சதுர மீட்டர் கூடுகிறது, ரிவெர்ப் 1.35 விநாடிக்கு இறங்குகிறது. பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் கீழ்ச் சுரங்கள் இருக்கும் 125 ஹெர்ட்ஸில் அதே துணியின் திறன் சுமார் 0.14தான். கூடுவது வெறும் 42 சதுர மீட்டர். ரிவெர்ப் இன்னும் 1.78 விநாடி. விளைவு: வாய்ப்பாட்டின் மெய்யெழுத்துகளும் சிம்பலின் மினுக்கும் செத்துவிடும், பேஸ் கிதாரும் கிக் டிரம்மும் மட்டும் அரங்கில் உருண்டுகொண்டே இருக்கும். "திரையெல்லாம் போட்டோமே, ஏன் இன்னும் குழப்பமா இருக்கு?" என்ற கேள்விக்கு விடை இதுதான்.

125 ஹெர்ட்ஸின் அலைநீளம் 2.7 மீட்டர். துணியோ பஞ்சோ அதை நன்றாக விழுங்க, சுவரிலிருந்து கால் அலைநீளம், அதாவது கிட்டத்தட்ட 70 செ.மீ. தள்ளி நிற்க வேண்டும். சுவரோடு ஒட்டிய அலங்காரத் திரையால் கீழ்ச் சுரங்களுக்கு ஒரு பயனும் இல்லை. இடம் விட முடியாவிட்டால், பின்னால் காற்றிடைவெளி கொண்ட மெல்லிய பலகைப் பானல்கள் கீழ்ச் சுரங்களுக்குப் பொருந்தும். இரண்டுக்கும் வழியில்லாத அரங்கில் மிக்சரில்தான் சமாளிக்க வேண்டும்: கிக், பேஸ், கீபோர்டு தவிர எல்லா மைக்குக்கும் 100 ஹெர்ட்ஸை ஒட்டி ஹை-பாஸ் (அதற்குக் கீழுள்ள ஒலியை வெட்டும் வடிகட்டி) போடுங்கள், கீழ்ச் சுரங்களுக்கான ஒலிபெருக்கியான சப்-வூஃபரைக் குறையுங்கள், மேடைக்குப் பின்பக்கம் பேஸ் வழியாதபடி அதைக் கார்டியாய்டு அமைப்பில் (முன்பக்கம் மட்டும் ஒலி போகும்படி) வையுங்கள். (1991இல் திறந்த பர்மிங்ஹாம் சிம்பொனி ஹாலில் ரிவெர்பைக் கூட்டுவதற்கென்றே கான்கிரீட் கதவுகளுள்ள தனி அறைகள் இருக்கின்றன. அந்த வசதி எல்லோருக்கும் வாய்க்காது.)

ஒலிபெருக்கி இல்லாத நிகழ்ச்சிக்குத் தயாரிப்பே வேண்டாம் என்று நினைப்பது இரண்டாவது தவறு. குவார்டெட்டின் பியானிஸ்ஸிமோவை, அதாவது மிக மெல்லிய வாசிப்பை, கெடுப்பது ஏசி, புரொஜெக்டர், மூவிங் லைட்டின் உள்விசிறி, பவர் ஆம்ப்ளிஃபயர் ரேக். அன்று மூவிங் லைட்டுகளின் மின்சாரத்தையே நிறுத்துங்கள். விளக்கை மட்டும் அணைத்தால் விசிறி ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஏசியை முன்கூட்டியே ஓட்டிக் குளிரவைத்துவிட்டு, இசை தொடங்கும்போது மிகக் குறைந்த வேகத்துக்குக் கொண்டுவாருங்கள்.

ஏசி விஷயத்தில் இன்னொன்று. காற்றில் ஈரப்பதம் குறைந்தால் மிருதங்கத்தின் தோல் இறுகிச் சுருதி ஏறும். அதே உலர்ந்த காற்றில் பியானோவின் சவுண்ட்போர்டு சுருங்கிச் சுருதி இறங்கும். இரண்டும் ஒரே மேடையில் இருக்கும் ஃப்யூஷன் இரவில் இது நரகம். மிருதங்கக்காரர் கல்லும் கட்டையும் வைத்துப் பாட்டுக்குப் பாட்டு சரிசெய்துகொள்வார். பியானோவுக்கு அது முடியாது, கடத்துக்கும் முடியாது. ஆகவே அரங்கின் வெப்பமும் ஈரப்பதமும் நிகழ்ச்சி நேரத்து அளவுக்கு வந்த பிறகே சுருதி சேர்க்க வேண்டும். பியானோவுக்கு 40 முதல் 50 சதவீத ஈரப்பதம் உகந்தது.

பியானோ டியூனருக்கு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் வேண்டும், அதுவும் முழு அமைதியில். ஆனால் அந்த நேரத்தில்தான் ஏணியில் ஏறி லைட் ஃபோகஸ் செய்பவர் கத்துவார், டிரம்மர் கிக்கைத் தட்டிப் பார்ப்பார். அட்டவணையில் டியூனிங்கைத் தனிக் கட்டமாகப் போட்டு, அப்போது யாரும் மேடையேறக் கூடாது என்று எழுதியே வைக்க வேண்டும். வரிசை இப்படி இருக்கட்டும்: பியானோவை அதன் இடத்தில் நிறுத்து, லைட் ஃபோகஸ், டியூனிங், சவுண்ட் செக், கதவு திறப்பதற்கு முன் அரைமணி மறுதிருத்தம். டியூன் செய்த பிறகு நகர்த்தாதீர்கள். சுருதி சேர்க்க அடிப்படையான 'ஏ' சுரம் 440 ஹெர்ட்ஸா 442ஆ என்பதை முன்பே கேட்டுவிடுங்கள். மேடையில் விப்ராஃபோன் (உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிக்கும் கருவி) இருந்தால் அதன் சுருதியை மாற்றவே முடியாது, பியானோவைத்தான் அதற்கு ஏற்பச் சேர்க்க வேண்டும்.

கர்நாடகக் கச்சேரியில் பெரிய பிரச்சினை மானிட்டர், அதாவது கலைஞர்கள் தங்களைக் கேட்க மேடையில் வைக்கும் ஒலிபெருக்கி. பாடகர் தம்புராவைக் கூட்டச் சொல்வார், வயலின்காரர் பாட்டைக் கூட்டச் சொல்வார், மிருதங்கக்காரர் இரண்டையும் கூட்டச் சொல்வார். பதினைந்தாவது நிமிடத்தில் ஊளை (ஒலிபெருக்கியின் ஒலி மைக்கிலேயே திரும்பப் புகுவதால் வரும் ஃபீட்பேக்) கிளம்பும். திறந்திருக்கும் மைக்குகளின் எண்ணிக்கை இரட்டிப்பானால் ஊளை கிளம்பாமல் ஒலியை ஏற்றக் கிடைக்கும் இடம் 3 டெசிபல் குறைகிறது என்பது பொதுக் கணக்கு. வாய்ப்பாட்டு, வயலின், மிருதங்கத்தின் வலந்தலை, தொப்பி என இரு முகங்கள், கடம் என்று மைக் ஏறஏற நெருக்கடிதான். 'இன்னும் கொஞ்சம்' என்று ஒருவர் கேட்கும்போது அவருடைய மானிட்டரில் மற்றதைக் குறைத்துப் பாருங்கள்; பெரும்பாலும் அதுவே போதும். மைக் கார்டியாய்டு (முன்பக்கம் கேட்டு நேர் பின்பக்கம் கேட்காத வகை) என்றால் மானிட்டர் அதன் நேர் பின்னால் இருக்க வேண்டும். சூப்பர் கார்டியாய்டு என்றால் பின்பக்கம் கொஞ்சம் கேட்கும். மானிட்டரைச் சற்றுப் பக்கவாட்டில், முன்முகத்திலிருந்து 125 பாகைக்கு அருகில் வையுங்கள். இதைப் பார்க்காமல் ஈக்வலைசரில் வெட்டிக்கொண்டே போனால் கடைசியில் குரலே மிஞ்சாது.

ஒரே இரவில் இரண்டு மூன்று குழுக்கள் என்றால் கடைசியில் வாசிப்பவருக்கு முதலில் சவுண்ட் செக், முதலில் வாசிப்பவருக்குக் கடைசியில். அப்போதுதான் திரை விலகும்போது முதல் குழுவின் அமைப்பு மேடையில் தயாராக நிற்கும். இன்புட் லிஸ்ட் (எந்தச் சேனலில் எந்தக் கருவி என்ற பட்டியல்), மேடை வரைபடம், பாடகரின் சுருதிக் கட்டை ஆகியவை இரண்டு வாரம் முன்பே கைக்கு வர வேண்டும். எந்தச் சேனலுக்கு 48 வோல்ட் ஃபாண்டம் (கேபிள் வழியே மைக்குக்குப் போகும் மின்சாரம்) வேண்டும் என்பதும் அதில் இருக்கட்டும். மாற்றும் நேரத்தில் மியூட் செய்யாமல் கேபிளைப் பிடுங்கினால் வரும் 'டப்' சத்தம் முன்வரிசையையே எழுப்பிவிடும். குழுக்கள் சொந்த வயர்லெஸ் மைக் கொண்டுவந்தால் அலைவரிசைகளை ஒரே ஆள் ஒதுக்க வேண்டும். 610, 612 மெகாஹெர்ட்ஸில் இரண்டு மைக் ஓடினால் 608, 614இல் கலப்பு அலை பிறக்கும். மூன்றாவது மைக்கை அங்கே வைத்தால் நடுப்பாட்டில் அறுந்துபோகும்.

சத்த அளவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2022இல் இசை அரங்குகளுக்குச் சொன்ன உச்சவரம்பு, 15 நிமிட சராசரியில் 100 டெசிபல். அதற்குள் அருமையான ராக் நிகழ்ச்சி நடத்தலாம். 300 இருக்கை அரங்கில் டிரம்முக்கு கிக் மைக் ஒன்று போதும், சில நாள் அதுவும் வேண்டாம். டிரம்மர் ராட் குச்சிக்கு (சத்தம் குறைவாக வரும் மெல்லிய குச்சிக் கட்டு) மாற மறுத்தால், அவர் அளவுக்குக் குரலை ஏற்றப் போய் மொத்தமும் கைமீறும். இதை நிகழ்ச்சி அன்று மாலையில் கெஞ்சுவதைவிட ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாம்.

நாட்காட்டிக்கு வருவோம். பியானோ கச்சேரியையும் மறுநாளே நின்றுகொண்டு கேட்கும் ராக் நிகழ்ச்சியையும் அடுத்தடுத்து வைக்காதீர்கள். அரை டன் எடையுள்ள கருவியை நள்ளிரவில் களைத்த ஆட்கள் தள்ளும்போதுதான் கால் உடையும், அவர்களுடையதோ பியானோவுடையதோ. ஒலிபெருக்கி இல்லாத நிகழ்ச்சிகளை ஒரு கொத்தாகவும் ஒலிபெருக்கி உள்ளவற்றை இன்னொரு கொத்தாகவும் சேர்த்தால் திரையும் சப்-வூஃபரும் பருவத்தில் சில தடவை மட்டுமே ஏறி இறங்கும். இரண்டு கொத்துக்கும் நடுவில் ஒரு முழு நாள் காலியாக இருக்கட்டும். அந்த நாளை வாடகைக்கு விடலாமே என்று நிர்வாகத்தில் ஒருவர் கட்டாயம் கேட்பார். திரை மாற்ற எத்தனை ஆள், எத்தனை மணி நேரம் என்ற கணக்கை அப்போதே அவரிடம் நீட்டிவிடுங்கள்.