பாவம் ஓரிடம், பழி கோச் தலையிலா?

ஒவ்வொரு பிப்ரவரியிலும் இதே எரிச்சல். அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ-வில், அணிகள் வீரர்களைக் கைமாற்றிக்கொள்ளும் டிரேடுக்கான கெடு முடிந்த மறுநாள் எந்த விவாதத்தைக் கேட்டாலும், "கோச் கேட்டிருப்பார், அதான் வாங்கியிருக்காங்க", "கோச்சுக்கு அவனைப் பிடிக்கலை, அதான் அனுப்பிட்டாங்க" என்று ஆளாளுக்குத் தீர்ப்பு. டிரேட் பலித்தால் அதைப் போட்ட ஜெனரல் மேனேஜர் மேதை. சொதப்பினால் மட்டும் கோச்சுக்கு ஆட்டம் தெரியவில்லை, வீட்டுக்கு அனுப்பு. இன்னும் எத்தனை வருடம் இதைக் கேட்டுக்கொண்டிருப்பது?

ஃபிராங்க் வோகலுக்கு நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. 2020-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸுக்குப் பட்டம் வாங்கித் தந்த கோச். தடுப்பாட்டம்தான் அந்த அணியின் உயிர், அதைக் கட்டியவர் அவர். 2021 கோடையில் மேலிடம் கைல் குஸ்மா, கென்டேவியஸ் கால்ட்வெல்-போப், மான்ட்ரெஸ் ஹாரெல் மூன்று பேரையும், கூடவே புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் முதல் சுற்று உரிமை ஒன்றையும் கொடுத்து ரஸ்ஸல் வெஸ்ட்புரூக்கைக் கொண்டுவந்தது. அலெக்ஸ் கருசோவையும் கைவிட்டது. வெஸ்ட்புரூக் பெரிய ஆட்டக்காரர், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் தூரத்திலிருந்து எறிந்தால் நம்ப முடியாத, பந்து கையில் இருந்தால்தான் ஆட்டம் வருகிற ஒருவரை லெப்ரான் ஜேம்ஸுக்குப் பக்கத்தில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று வோகலுக்கா தெரியாது? லெப்ரானும் இன்னொரு நட்சத்திரமான ஆந்தனி டேவிஸும் வெஸ்ட்புரூக்கைத்தான் விரும்பினார்கள் என்று அப்போதே செய்திகள் வந்தன. ஆக, உச்ச நட்சத்திரத்தின் பேச்சு ஏறுகிறது, மேலிடத்தின் கையெழுத்து விழுகிறது, கோச்சிடம் ஆட்களைக் கொடுத்து ஓட்டு என்கிறார்கள்.

அந்த சீசனில் லேக்கர்ஸுக்கு 33 வெற்றி, 49 தோல்வி. பிளேஆஃபில் கடைசி இடங்களுக்காக நடக்கும் பிளே-இன் ஆட்டத்துக்குக்கூட வழியில்லை. 2022 ஏப்ரலில் டென்வரில் கடைசி ஆட்டம் முடிந்த கையோடு, வோகலை நீக்கப்போகிறார்கள் என்ற செய்தி வெளியே வந்துவிட்டது. செய்தியாளர்கள் அவரிடமே கேட்கிறார்கள். தனக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை என்கிறார் அவர். பட்டம் வாங்கித் தந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை, அந்த மனிதரை மைக்குக்கு முன்னால் அப்படி உட்கார வைத்தார்கள். அணியைக் கட்டிய ஜெனரல் மேனேஜர் ராப் பெலிங்கா நாற்காலியில் அப்படியே தொடர்ந்தார்.

சரி, ஒரு முறை நடந்தது போகட்டும் என்று விட முடிகிறதா? அதே வோகல் அடுத்துப் போன இடம் ஃபீனிக்ஸ். அங்கே நடந்தது இதைவிடக் கொடுமை.

2023 பிப்ரவரியில் மேட் இஷ்பியா ஃபீனிக்ஸ் சன்ஸின் உரிமையாளராகப் பொறுப்பேற்ற அந்த வாரமே கெவின் டுரான்டை வாங்கினார்கள். கொடுத்த விலை மிக்கேல் பிரிட்ஜஸ், கேம் ஜான்சன், ஜே கிரௌடர், எந்த நிபந்தனையும் இல்லாத 4 முதல் சுற்று உரிமைகள். அப்போது கோச் மான்டி வில்லியம்ஸ். 2021-ல் அணியை இறுதிச் சுற்றுக்குக் கொண்டுபோனவர், அடுத்த சீசனில் 64 ஆட்டங்களை ஜெயித்து ஆண்டின் சிறந்த கோச் விருது வாங்கியவர். டுரான்ட் வந்து 3 மாதத்தில், டென்வரிடம் தோற்றதும் அவர் வெளியே. அடுத்த மாதமே கிறிஸ் பாலைக் கொடுத்து பிராட்லி பீலை வாங்கினார்கள். தன் சம்மதம் இல்லாமல் தன்னை டிரேட் செய்யக் கூடாது என்ற ஷரத்தோடு வந்த பெரும் ஒப்பந்தம் அது. பந்தை எடுத்து வந்து ஆட்டத்தை நடத்த சரியான பாயின்ட் கார்டு கிடையாது, பெஞ்சில் ஆள் பலம் கிடையாது. வோகல் அதை வைத்துக்கொண்டு 49 ஆட்டம் ஜெயித்தார். பிளேஆஃப் முதல் சுற்றில் மினசோட்டாவிடம் 4-0 என்று தோல்வி. நீக்கம். அப்புறம் மைக் பூடன்ஹோல்சர் வந்தார், அவரும் மில்வாக்கிக்கு 2021-ல் பட்டம் வாங்கிக் கொடுத்தவர்தான். 36 வெற்றி, 46 தோல்வி. நீக்கம்.

மூன்று சீசனில் மூன்று கோச். மூவரும் ஆட்டம் தெரியாதவர்களா? இரண்டு பேர் சாம்பியன் கோச்சுகள், ஒருவர் ஆண்டின் சிறந்த கோச். ஒவ்வொரு முறையும், "வீரர்களின் நம்பிக்கையை கோச் இழந்துவிட்டார்" என்று பெயர் சொல்லாத யாரோ செய்தியாளரின் காதில் ஓதுகிறார்கள். அணி ஏன் அப்படிக் கட்டப்பட்டது என்று யாரும் கேட்பதில்லை. எனக்குக் கோபம் வருவது அந்த இடத்தில்தான்.

ஒரு டிரேட் எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். போகிறவர் சம்பளமும் வருகிறவர் சம்பளமும் விதிப்படி பொருந்த வேண்டும். அடுத்தடுத்து இரண்டு வருடங்களின் முதல் சுற்று உரிமைகளைக் கைமாற்றி, வரும் வருடங்களில் ஓட்டாண்டியாக நிற்க எந்த அணிக்கும் அனுமதி இல்லை. லீக்கும் வீரர் சங்கமும் போட்ட 2023 ஒப்பந்தத்துக்குப் பிறகு, சம்பளச் செலவு இரண்டாவது உச்சவரம்பைத் தாண்டிய அணி, இரண்டு பேர் சம்பளத்தைக் கூட்டிக் காட்டி ஒரு பெரிய ஆளை வாங்கவே முடியாது. இதற்கென்றே சம்பளக் கணக்குப் பார்க்கும் ஆட்கள், உதவி மேனேஜர்கள், வீரர்களைத் தேடி ஊர் ஊராகப் போகும் ஸ்கவுட்டுகள் என்று ஒரு படையே மேல்மாடியில் இருக்கிறது. கோச் அந்த நேரத்தில் விமானத்தில் இருப்பார், இல்லையென்றால் மறுநாள் எதிரணியின் பிக் அண்ட் ரோல் தாக்குதலை வீடியோவில் பார்த்துக்கொண்டிருப்பார். அவரிடம் கருத்துக் கேட்பார்கள், மறுக்கவில்லை. ஒருவரை ஆட விடாமல் பெஞ்சிலேயே உட்கார வைத்து, அவர் மதிப்பைக் குறைத்து, கடைசியில் வெளியேற வைக்கிற சக்தியும் கோச்சுக்கு உண்டு. ஆனால் போனை எடுப்பதும், பேரம் பேசுவதும், உரிமையாளரிடம் சம்மதம் வாங்குவதும் அவர் இல்லை.

"கோச்சிடமே எல்லா அதிகாரத்தையும் கொடுத்தால் என்ன?" என்று கேட்பவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். கொடுத்துப் பார்த்தார்கள். கிளிப்பர்ஸில் டாக் ரிவர்ஸ், டெட்ராய்ட்டில் ஸ்டான் வான் கண்டி, மினசோட்டாவில் டாம் திபோடோ, அட்லாண்டாவில் இதே பூடன்ஹோல்சர். எல்லோருமே ஒரே காலகட்டத்தில் கோச்சும், டிரேடை முடிவுசெய்யும் தலைவருமாக இருந்தார்கள். ரிவர்ஸ் தன் மகன் ஆஸ்டினையே டிரேடில் அணிக்குக் கொண்டுவந்தார். திபோடோ சிகாகோவில் தன்னிடம் ஆடிய ஜிம்மி பட்லர், டாஜ் கிப்சன், டெரிக் ரோஸ், லுவால் டெங் என்று பழைய ஆட்களையே ஒவ்வொருவராகச் சேர்த்தார். 2019 ஜனவரிக்குள் இந்த நான்கு பேரிடமும் அந்த இரட்டை அதிகாரம் இல்லை. இன்று இரவு ஜெயிக்க வேண்டியவரிடம் ஐந்து வருடக் கணக்கைக் கொடுத்தால் இப்படித்தான் போகும். சான் அன்டோனியோவில் கிரெக் போபோவிச்சிடம் தலைவர் பதவியும் இருந்ததே என்பீர்கள். அங்கே மேனேஜர் வேலையை ஆர்.சி. புஃபோர்ட் பார்த்துக்கொண்டார். ஆகவே கோச்சிடம் சாவியைக் கொடு என்று நான் கேட்கவில்லை. சாவி யாரிடம் இருந்ததோ அவரைப் பிடித்துக் கேள் என்கிறேன்.

திபோடோவுக்கு நியூயார்க்கில் என்ன நடந்தது பாருங்கள். அங்கே அவர் வெறும் கோச். டிரேட் எல்லாம் லியான் ரோஸ் தலைமையிலான மேலிடம். மிக்கேல் பிரிட்ஜஸுக்காக 5 முதல் சுற்று உரிமைகளை வாரிக் கொடுத்ததும் அவர்கள்தான். 25 வருடம் கழித்து நிக்ஸ் கிழக்குப் பிரிவு இறுதிக்குப் போனது. 2025 ஜூனில் அந்த அணியை அங்கே கொண்டுபோன கோச்சை நீக்கிவிட்டார்கள். டொராண்டோவில் டுவேன் கேசிக்கும் இதே கதி. 59 ஆட்டம் ஜெயித்த சீசன் முடிந்து வேலை போனது, அடுத்த மாதம் அதே சீசனுக்காக ஆண்டின் சிறந்த கோச் விருது கைக்கு வந்தது.

இத்தனைக்கு நடுவில் டல்லாஸ் ரசிகர்களை மட்டும் நான் மனதார மதிக்கிறேன். 2025 பிப்ரவரி தொடக்கத்தில், எட்டு மாதம் முன்னால்தான் அணியை இறுதிச் சுற்றுக்குத் தூக்கிக்கொண்டு போன லூகா டான்சிச்சை லேக்கர்ஸுக்குக் கொடுத்துவிட்டார்கள். அவருக்கு வயது 25. மறுநாள் டல்லாஸ் ஜெனரல் மேனேஜர் நிகோ ஹாரிசனும் கோச் ஜேசன் கிட்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். தடுப்பாட்டம்தான் பட்டம் வாங்கித் தரும் என்றார் ஹாரிசன். கடைசி நேரத்தில்தான் தனக்குத் தெரியவந்தது என்றார் கிட். கிட் மேல் சந்தேகப்பட ஆளுக்கா பஞ்சம்? புரூக்ளினில் கோச்சாக இருந்தபோது மேலிட அதிகாரத்தையும் கேட்டார் என்று 2014-லேயே செய்தி வந்த மனிதர் அவர். இருந்தாலும் அரங்கம் முழுக்க எழுந்த கோஷம் நிகோவை வெளியேற்று என்பதுதான். ஒரு ஆட்டம் விடாமல் கத்தினார்கள். டிராஃப்ட் குலுக்கலில் 1.8 சதவீத வாய்ப்பில் முதல் இடம் விழுந்து இளம் நட்சத்திரம் கூப்பர் ஃபிளாக் வந்த பிறகும் விடவில்லை. 2025 நவம்பரில், புது சீசன் 3 வெற்றி 8 தோல்வி என்று தொடங்கியதும், ஹாரிசன் போனார். கிட் இருந்தார். டிரேடுக்குச் சம்மதம் கொடுத்த உரிமையாளர் தரப்பும் இருக்கிறது, அது வேறு வயிற்றெரிச்சல்.

மற்ற ஊர்களில் ஏன் இது நடப்பதில்லை? கோச் கண்ணில் படுகிறார், அவ்வளவுதான். 82 ஆட்டம், ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு முறை, பின்னால் ஒரு முறை மைக்குக்கு முன்னால் வந்தாக வேண்டும், லீக் விதி அது. தான் போடாத டிரேடுக்கும் அவரே பதில் சொல்கிறார். போட்டவர் சீசன் தொடக்கத்தில் ஒரு முறை, முடிவில் ஒரு முறை வந்து எழுதி வைத்ததைப் பேசிவிட்டுப் போகிறார். கோச்சுக்குப் போட்ட விதியை அவருக்கும் போடுங்கள். டிரேட் நடந்த 24 மணி நேரத்துக்குள் ஜெனரல் மேனேஜரும் உரிமையாளரும் வந்து உட்காரட்டும். யார் கேட்டது, யார் வேண்டாம் என்றது, கோச்சிடம் எப்போது சொன்னீர்கள் என்று செய்தியாளர்கள் அவர்கள் முகத்தைப் பார்த்துக் கேட்கட்டும். அந்தப் பதில்கள் வருகிற வரைக்கும் "கோச்தான் கேட்டிருப்பார்" என்று என்னிடம் யாரும் வராதீர்கள்.