ஜெயிலே தேவலாம் என்பவர்கள்

போதைக்குக் காசு வேண்டித் திருடி மாட்டியவனைச் சிறைக்குப் பதிலாகச் சிகிச்சை இல்லத்துக்கு அனுப்பலாம் என்று சொல்லிப் பாருங்கள். "தப்பு செய்தவனுக்கு விருந்தா?" என்று ஒருவராவது கேட்பார். கோபம் நியாயம்தான். நகையைப் பறிகொடுத்தவரிடம் போய் அது நோய் என்று வகுப்பெடுக்க முடியாது.

சரி, சிறை என்ன செய்கிறது? ஹெராயின் பழகியவன் உள்ளே போன சில வாரங்களில், பழையபடி சரக்கு கிடைக்காததால், அவன் உடம்பு பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்துவிடுகிறது. ஆசை மட்டும் போவதில்லை. வெளியே வந்த அன்று பழைய கூட்டாளி காத்திருப்பான். இவன் பழைய அளவையே ஏற்றிக்கொள்வான். மூச்சு நின்றுவிடும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் விடுதலையான கைதிகளைப் பற்றிய ஆய்வு 2007-ல் வெளிவந்தது. முதல் இரண்டு வாரங்களில் அவர்கள் போதை அளவு மீறிச் சாகும் ஆபத்து, அந்த மாநிலத்தின் மற்ற மக்களைப் போல 129 மடங்கு. நீதிபதி அவர்களுக்கு மரண தண்டனை விதிக்கவில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

நியூயார்க்கின் புரூக்ளினில் 1990-ல் அரசு வழக்கறிஞர் அலுவலகமே வேறு வழி பார்த்தது. வன்முறை இல்லாத, ஆனால் திரும்பத் திரும்ப மாட்டுகிற ஆட்களை 15 முதல் 24 மாதம் சிகிச்சை இல்லத்தில் தங்க வைத்தார்கள். முழுதாக முடித்தால் வழக்கு தள்ளுபடி. பாதியில் ஓடினால் ஜெயில். தலைக்கு மேல் கத்தி தொங்கினால்தான் பலர் தங்குகிறார்கள், அதைச் சொல்ல நான் கூச்சப்படவில்லை.

விருந்து என்கிறவர்கள் அப்படிப்பட்ட இல்லத்தின் ஒரு நாளைப் பார்க்க வேண்டும். விடியும் முன் எழுப்பிவிடுவார்கள். புதிதாக வந்தவன் கழிப்பறை கழுவுவான். அப்புறம் எல்லோரும் வட்டமாக உட்காருவார்கள். "அம்மாவின் வளையலை விற்றேன்" என்று ஒருவன் தொடங்குவான். எதிரே இருப்பவனும் அதே வேலை பார்த்தவன்தான். "விற்றேன் இல்லை, திருடினேன்னு சொல்லு" என்பான். சிறையில் சுவரைப் பார்த்துப் படுத்து நாளை எண்ணலாம். இங்கே அது நடக்காது. ஜெயிலே தேவலாம் என்று கேட்டு வாங்கிப் போகிறவர்கள் உண்டு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 'மறுவாழ்வு' என்று போர்டு மாட்டி, உள்ளே சங்கிலியில் கட்டி அடிக்கிற இடங்களும் இருக்கின்றன. அவற்றைவிடச் சிறையே மேல், விடுதலைத் தேதியாவது தெரியும். நல்ல இல்லத்திலும் உடம்பின் தாங்குசக்தி குறையத்தான் செய்யும். அதனால் ஹெராயின் ஏக்கத்தை அடக்குகிற மெத்தடோன், புப்ரெனார்ஃபின் போன்ற மருந்துகளை "அதுவும் போதைதானே" என்று மறுக்கிற இல்லத்தை நான் நம்ப மாட்டேன். அங்கிருந்து கிளம்புகிறவன் பையில் மாற்று உடுப்போடு அந்த மருந்தும், அளவு மீறினால் மூச்சை மீட்கிற நாலாக்சோனும் இருக்க வேண்டும்.